வலது பக்க இண்டிகேட்டர்

சாமுண்டீஸ்வரி செய்த இண்டிகேட்டர் என்றால் மரக்காணத்தில் எவனும் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவான். கம்பெனி வண்டியில் வருகிற உருண்டை பல்பு இல்லை அது. அனுமந்தை மீன்காரர்கள் வண்டியில் மீன் கண் சிமிட்டும். பூக்கடைக்காரர் வண்டியில் தாமரை. ஒரு பையன் தேள்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். தேளும் செய்து கொடுத்தாள், கொடுக்கோடு சேர்த்து. அக்ரிலிக் தகட்டை அறுத்து, உள்ளே செம்புக் கோடு போட்ட தகட்டில் மஞ்சள் எல்இடிகளை வரிசையாக ஈயத்தால் பற்றவைத்து, பின்னால் சிலிக்கான் பசையால் அடைத்து மாட்டிவிட்டால் நடுப்பகலிலும் பளிச்சென்று தெரியும். தெரிந்துதானே ஆக வேண்டும்! உப்பளத்து வெயிலில் கம்பெனி பல்பு எரிகிறதா இல்லையா என்று போட்டவனுக்கே சந்தேகம் வந்துவிடும்.

பைக் ரிப்பேர் கடை அவள் புருசன் அர்ச்சுனனுடையது. போர்டிலும் அவன் பெயர்தான் இருக்கிறது. ஆனால் ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, 'சாமுண்டி கடை' என்றுதான் வழி சொல்வார்கள். அர்ச்சுனனுக்கு அதில் உள்ளூரக் கொஞ்சம் பெருமை, கொஞ்சம் எரிச்சல். இரண்டையும் வெளியே காட்டிக்கொள்ள மாட்டான்.

முருக்கேரிப் பக்கம் கடலைக் காட்டில் மல்லாட்டை பிடுங்கி வளர்ந்தவள் சாமுண்டி. கல்யாணமாகி இந்தக் கடலோரத்துக்கு வந்தவளை மூன்றாம் மாதமே உப்பளத்தில் இறக்கிவிட்டார்கள். பதினான்கு வருசம் பாத்தியில் நின்றாள். விடிவதற்கு முன்னே போய், பலகையால் உப்பை வாரி, கூடையில் அள்ளித் தலையில் சுமந்து கரையேற்றி, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். குதிகால் வெடிப்பில் உப்பு இறங்கினால் ராத்திரியெல்லாம் காந்தும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து அளம் மூழ்கிக் கிடக்கும்போதுதான் காலுக்கு ஓய்வு.

அப்படி ஒரு மழைக்காலத்தில்தான் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அர்ச்சுனன் யாருக்கோ எல்இடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். ஈயம் கோலிக்குண்டு அளவுக்கு வழிந்து கிடந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாங்க இது, காக்கா எச்சம் போட்டா மாதிரி? இங்க குடுங்க" என்று பற்றவைக்கிற இரும்பைப் பிடுங்கிக்கொண்டாள்.

சாயங்காலத்துக்குள் நாலு விளக்கு முடித்துவிட்டாள். அர்ச்சுனன் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு டீ வாங்கி வந்து கொடுத்தான். அதற்குப் பிறகு அவள் உப்பளத்துக்குப் போகவில்லை.

மலர்கொடிதான் அதற்கு ரொம்ப அழுதவள். ஒன்பது வருசம் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் நின்றவர்கள், ஒரே தூக்கில் கூழ் குடித்தவர்கள். "என்னைத் தனியா விட்டுட்டுப் போறியேக்கா" என்று வரப்பிலேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். அவள் புருசன் பச்சமுத்துவும் அதே அளத்தில் கூலி. இந்த வருசம் தை கடைசியில் அவன் ஒரு பழைய பைக்கை வாங்கினான். வாங்கிய மறுநாளே மலர் அதன் பின்னால் ஏறி உட்கார்ந்து நேராகக் கடைக்கு வந்துவிட்டாள்.

"யக்கா, எனக்கு மீனு, தாமரை எல்லாம் வேணாம். நம்ம பலகையப் போட்டுக் குடு."

சாமுண்டி சிரித்துவிட்டாள். ஆனால் வேறு யாருக்கும் செய்யாத அளவுக்கு மெனக்கெட்டாள். நீளக் கைப்பிடி, நுனியில் குறுக்குப் பலகை, எல்லாம் மஞ்சள் விளக்கு. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. கூடவே ஹேண்டில்பாரில், ஓட்டுகிறவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, ஒரு பஸ்ஸரும் வைத்தார்கள். இண்டிகேட்டர் போட்டால் பீப் பீப் என்று கத்தும், அணைக்க மறக்காமல் இருப்பதற்கு. மலருக்கு அந்த வெளிச்சத்தின் மேல் அப்படி ஒரு ஆசை. திருப்பம் வந்தால் போதும், பின்னால் உட்கார்ந்தவள் கழுத்தை வளைத்து விளக்கு சிமிட்டுவதைப் பார்ப்பாள். "ஊருக்குப் போறியா, லைட்டப் பாக்கப் போறியா?" என்று பச்சமுத்து கிண்டல் செய்வான்.

ஏப்ரல் மாசம், உப்பு நன்றாக விளைகிற சமயம். பொழுது விடிகிற நேரத்தில் இருவரும் அளத்துக்குப் போனார்கள். ஈசிஆர் ரோட்டிலிருந்து வலப்பக்கம் மண்பாதையில் இறங்க வேண்டும். வண்டி திரும்பியது. பின்னால் வந்த கார், இவர்கள் நேராகப் போகிறார்கள் என்று நினைத்து வலப்பக்கமாகவே முந்த வந்தது. அவ்வளவுதான்.

பச்சமுத்துவுக்குத் தோள்பட்டையில் அடி, அது ஆறிவிட்டது. மலரின் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

கார் ஓட்டியவர் ஓடிப்போகவில்லை, பாவம். அவரே தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். "சாமி சத்தியமா சிக்னல் போடலைங்க, போட்டிருந்தா நின்னிருப்பேங்க" என்று எல்லோர் காலிலும் விழாத குறையாகச் சொன்னார். பச்சமுத்து, "போட்டேன், பீப் பீப்னு சத்தம் கேட்டுச்சு" என்றான். யார் சொல்வது நிஜம்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்த மலர் அதற்குத் தீர்ப்பு சொன்னாள்.

"நான் திரும்பிப் பாத்தேன். எரியல. இந்த ஆளு போடவே இல்ல."

பெண்டாட்டியே சொல்லிவிட்டாள், அப்புறம் என்ன? போலீஸ்காரர்கள் அதையே எழுதிக்கொண்டார்கள். ஊரும் அதையே பேசியது. காரை விட்டுவிட்டு எல்லோரும் பச்சமுத்துவின் மேல் பாய்ந்தார்கள்.

அன்றிலிருந்து மலர் புருசனோடு பேசுவதில்லை. ஒரே அறை வீடு. அதற்குள்ளேயே அவன் அவளுக்கு 'அந்த ஆளு' ஆகிவிட்டான். தண்ணீர் வேண்டுமானால் பள்ளிக்கூடம் போகிற மகள் சத்யப்ரியாவிடம், "அந்த ஆளை எடுத்தாரச் சொல்லு" என்பாள். தூக்கி உட்கார வைக்க அவன் கையை நீட்டினால் தட்டிவிடுவாள். மகள் வர வேண்டும், இல்லாவிட்டால் அக்கம்பக்கத்துப் பெண் யாராவது வர வேண்டும். யாரும் இல்லாத பகலில் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு படுத்துக் கிடப்பாளே தவிர, அவனைக் கூப்பிட மாட்டாள். அத்தனை வைராக்கியம்!

சாமுண்டி வாரத்துக்கு இரண்டு நாள் போவாள். போனதும் முதலில் அவளைத் தூக்கிச் சுவரில் சாய்த்து உட்கார வைப்பாள். மலர் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவாள்.

"நீ ஆசையா பண்ணிக் குடுத்தக்கா. நாலு லைட்டு. ஒரு சுச்சு போடறதுக்கு இந்தப் பாவிக்கு வலிச்சுதாக்கா?"

வாசலில் உட்கார்ந்திருக்கிற பச்சமுத்துவின் காதில் விழட்டும் என்றுதான் சொல்வாள். அவனும் கேட்டுக்கொண்டிருப்பான். முதல் மாசம் "போட்டேன்டி" என்று கத்தினான். அப்புறம், "போட்டேன்னுதான் நெனைக்கிறேன்" என்றான். ஆடி மாசம் ஒருநாள் சாமுண்டி வெளியே வரும்போது, "எனக்கே தெரியலக்கா. போடாமத்தான் திரும்பிட்டேன் போல" என்றான். சாமுண்டிக்கும் அவன் மேல் கோபம்தான். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லாமல் வந்துவிட்டாள். இதைப் பின்னால் நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

செப்டம்பரில் அனுமந்தையிலிருந்து அந்தோணிசாமி என்கிற மீன் வியாபாரி வந்தார். வண்டியைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு, கூடையை இறக்காமலே பேசினார்.

"ஏம்மா, நல்லாத்தான் பண்ணிக் குடுத்த. இப்ப இன்னாடான்னா பஸ்ஸர் கத்துது, முன்னாடி மீனு எரியுது, பின்னாடி மீனு எரியல. சத்தம் வருதேன்னு நானும் நம்பிக்கினு ஓட்டிக்கினு இருக்கேன். நேத்து ஒரு பஸ்சுக்காரன் வாய்க்கு வந்தபடி திட்டிட்டுப் போறான்!"

சாமுண்டியின் கையிலிருந்த இரும்பு அப்படியே நின்றது. சத்தம் வருகிறது, பின்னால் எரியவில்லை. ஒரே விளக்கைப் பற்றித்தான் அந்த இரண்டு பேரும் ஐந்து மாசமாக அடித்துக்கொள்கிறார்கள். ஒருத்தன் கேட்டதைச் சொன்னான். ஒருத்தி பார்த்ததைச் சொன்னாள். 

மீன் விளக்கைக் கழற்றி, பிளேடால் சிலிக்கானைக் கீறித் திறந்தாள். உள்ளே செம்புக் கோடுகள் பச்சை பூத்துக் கிடந்தன. ஓர் இடத்தில் அரித்து அறுந்தே போயிருந்தது. பச்சைக்குப் பக்கத்தில் ஓரமாக வெள்ளைப் பொருக்கு. அதை யாரும் அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பாத்தி வரப்பில் பதினான்கு வருசம் பார்த்தது.

எப்படி உள்ளே வந்தது? யோசிக்க வெகுநேரம் ஆகவில்லை. முன்னெல்லாம் பற்றவைத்து முடித்ததும், ஈயம் பிடிப்பதற்காகத் தடவி தகட்டில் ஒட்டியிருக்கிற பேஸ்ட்டைத் தின்னரால் துடைப்பாள். அந்த நாற்றம் தலைவலி கொடுத்தது. தையிலிருந்து அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். சோப்பு போட்டு, பழைய பல் பிரஷால் தேய்த்து, வீட்டு போர் தண்ணீரில் அலசி, மாடியில் காயவைத்தாள். தகடு பளபளவென்று வந்தது. அர்ச்சுனன்கூட, "கண்ணாடியாட்டம் இருக்குது" என்று மெச்சினான். அந்த ஊர் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. குடிக்கக் கேன் வாங்குவார்கள். மற்றபடி பாத்திரம், துணி, தலை எல்லாம் அதில்தான். வேறு எதில் கழுவுவது என்று யாருக்கும் தோன்றாது. அவளுக்கும் தோன்றவில்லை.

உப்புத் தண்ணீரை வெயிலில் வைத்தால் என்ன ஆகும்? உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரிய வேண்டாமா? தண்ணீர் போய்விடும், உப்பு நிற்கும். அதைத்தானே பதினான்கு வருசம் செய்தாள்! ஒவ்வொரு தகட்டிலும் ஒரு பாத்தி கட்டி உப்பு விளைவித்து, அது வெளியே போய்விடாதபடி சிலிக்கான் போட்டுப் பத்திரமாக மூடியும் கொடுத்திருக்கிறாள். ஒயர் போகிற ஓட்டை வழியாகப் பனி ஈரம் ஏறினால் போதும், மற்றதை உப்பே பார்த்துக்கொள்ளும்.

அர்ச்சுனனிடம் காட்டினாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. எல்லாரையும் கூப்பிட்டு மாத்திக் குடுத்துடலாம். ஃப்ரீ சர்வீஸ்னு சொல்லிக்கலாம்."

"மலருக்கு?"

"அவங்க வண்டி இனிமே ஓடப் போவுதா?" என்றான். சொன்ன பிறகு அவனுக்கே அது தப்பாகப் பட்டிருக்க வேண்டும். ஸ்பானரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

தையிலிருந்து செய்ததில் பதினேழு வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவருக்கும் போன் போட்டாள். ஒரு வாரத்தில் பதினேழும் வந்துவிட்டன. ஒன்பதில் பச்சை பிடித்திருந்தது, மூன்று எந்த நேரமும் அணைந்துவிடும் நிலையில் இருந்தன. தின்னரில் துடைத்துப் புதிதாகச் செய்து மாட்டிக் கொடுத்தாள். வந்தவர்கள் எல்லாம், "இந்தக் காலத்துல யாரும்மா இப்பிடிக் கூப்பிட்டுச் செஞ்சு குடுக்கறாங்க?" என்று வாயார வாழ்த்திவிட்டுப் போனார்கள். பூக்கடைக்காரர் இரண்டு முழம் மல்லிகை கொடுத்தார். அதை அவள் தலையில் வைக்கவில்லை. தூக்கிப் போடவும் மனசு வராமல் கடை ஆணியிலேயே தொங்கவிட்டாள்.

அந்த வாரம் மலர் வீட்டுக்குப் போகவில்லை. சத்யப்ரியா வந்து, "பெரிம்மா, அம்மா கேட்டாங்க" என்றாள். காய்ச்சல் என்று பொய் சொல்லி அனுப்பினாள். பொய் சொன்ன வாய்க்கு அன்று சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை பிளேடும் ஸ்குரூ டிரைவரும் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அர்ச்சுனன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"போனா கடைய மூட வேண்டியதுதான் சாமுண்டி. அவங்க சொந்தக்காரங்க சும்மா விடுவாங்களா?"

"மூடுங்க. நான் திரும்பப் பலகை புடிச்சுக்கறேன். அந்த மனுசனுக்குப் பைத்தியம் புடிக்குதுங்க. போடலன்னு அவனே நம்ப ஆரம்பிச்சுட்டான்."

 அவள் படி இறங்கும்போது அர்ச்சுனன் பின்னாலேயே வந்து ஒரு சின்ன பேட்டரியை நீட்டினான்.

"இதையும் எடுத்துக்கினு போ. வாயால சொன்னா நம்ப மாட்டாங்க."

மலர் வீட்டு வாசலில் பச்சமுத்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் தார்ப்பாய் போட்டு மூடிய பைக். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். உள்ளிருந்து மலரின் குரல் வந்தது.

"யக்காவா? சாமி, நல்ல நேரத்துல வந்த. வந்து என்னைத் தூக்கி உக்கார வை, முதுகு வெந்து போச்சு."

சாமுண்டி தூக்கி உட்கார வைத்தாள். பிறகு வெளியே வந்து தார்ப்பாயை விலக்கினாள். பச்சமுத்து ஒன்றும் புரியாமல் பார்த்தான். வண்டியின் வலது பக்கம் முன்னால் இருந்த விளக்கு நொறுங்கிவிட்டிருந்தது. பின்னால் இருந்தது முழுசாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி, அவனையும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டு போய், கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவன் வாசற்படியைத் தாண்டவில்லை.

பேட்டரியில் வைத்தாள். எரியவில்லை. பிளேடால் கீறித் திறந்து மலரின் கையில் கொடுத்தாள். மீன் விளக்கில் இருந்ததைவிட இதில் பச்சை அதிகம்.

மலர் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். ஓரத்து வெள்ளையை விரலால் சுரண்டி, உப்பளத்துக்காரி எவளும் செய்வதைச் செய்தாள், நாக்கில் வைத்தாள்.

"உப்பு" என்றாள்.

"நான்தான் மலரு வெச்சேன். போர் தண்ணில கழுவிட்டு மூடிட்டேன். அன்னைக்கு அவரு போட்டிருக்காரு. பஸ்ஸர் கத்தியிருக்கு. லைட்டு செத்துப் போயிருக்கு. நீ பாத்ததும் நெசம், அவரு கேட்டதும் நெசம்." பேட்டரியைத் தரையில் வைத்தாள். "போலீஸ்ல கேட்டாலும், கோர்ட்ல கேட்டாலும் வந்து சொல்றேன்."

 வாசற்படியிலிருந்து பச்சமுத்துதான் முதலில் வாய் திறந்தான்.

"அப்ப நான் போட்டேனாக்கா?"

"போட்டப்பா."

"போட்டிருக்கேன்" என்றான். "போட்டிருக்கேன் பாரு. நான் போட்டிருக்கேன்." அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நிலைப்படியைப் பிடித்தபடி தேம்பித் தேம்பி அழுதான். அவ்வளவு பெரிய ஆம்பளை அப்படி அழுது சாமுண்டி பார்த்ததில்லை.

மலர் அழவில்லை. கையிலிருந்த பலகை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாமுண்டி அவள் காலைத் தொடப் போனாள். எந்தக் காலை என்று தெரியாமல் கை நடுவிலேயே நின்றது.

"தொடாத" என்றாள் மலர்.

"மலரு..."

"எழுந்து போயிடுக்கா. நான் ஏதாவது சொல்லிடப் போறேன்."

சாமுண்டி எழுந்தாள். பிளேடு எங்கே, பை எங்கே என்று கைக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள். ஒன்பது வருசம் ஒரே தூக்கில் கூழ் குடித்தவள் போகச் சொல்லிவிட்டாள். சொல்லாமல் என்ன செய்வாள்? செருப்பை மாட்ட முடியாமல் வாசலில் தடுமாறி நின்றாள். கண்ணீர் கண்ணை மறைத்தது.

அப்போது உள்ளே இருந்து மலரின் குரல் கேட்டது. ஐந்து மாசமாக அந்த வீட்டில் கேட்காத வார்த்தை.

"ஏங்க."

பச்சமுத்துவின் தேம்பல் நின்றது.

"ஏங்க, உங்களைத்தான். உக்கார முடியல. வந்து என்னைக் கொஞ்சம் சாய்ச்சுப் படுக்க வைங்க."

அவன் ஓடுகிற சத்தமும் கட்டில் அசைகிற சத்தமும் கேட்டன. சாமுண்டி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்கு நடந்தாள்.